வீட்டுக்கு வீடு வந்த வயர்

“பௌதி, கையை நீட்டாதீங்க! நான் எறியறேன், அது தானா உள்ள வந்து விழும்!”

எதிர் வீட்டு பால்கனியிலிருந்து தேபு கத்தினான். அவன் கையில் ஒரு பூரிக்கட்டை. அதன் நடுவில் நைலான் கயிறு கட்டியிருந்தது. அவன் பால்கனிக்கும் எங்கள் பால்கனிக்கும் நடுவே ஒரு சந்துதான் அகலம். ஆனால் அந்தச் சந்தில் முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். எங்கோ ஒரு மின்கம்பம் சாய்ந்து கம்பி தண்ணீருக்குள் கிடக்கிறது என்று பேச்சு. யாரும் கால் வைக்கத் தயாராயில்லை.

முதல் தடவை பூரிக்கட்டை எங்கள் சுவரில் மோதித் தண்ணீரில் விழுந்தது. அடுத்த தடவை துணிக்கொடியில் சிக்கியது. பிறகு அவன் ஒரு காலை பால்கனிக் கம்பியில் ஊன்றி, ஏதோ சாமி பெயரைச் சொல்லி வீசினான். கட்டை உள்ளே வந்து பிளாஸ்டிக் வாளியில் விழுந்தது. என் மூத்த மகள் தாமரை அதன்மேல் பாய்ந்தாள்.

கயிற்றை இழுத்தோம். கயிற்றின் பின்னால் வயர் வந்தது. கல்யாண வீட்டு வாசலில் சீரியல் பல்பு போட இழுப்பார்களே, அந்த மாதிரி சிவப்பும் கறுப்புமாக முறுக்கிய வயர். முனையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், நனையாமல் பாலிதீன் பைக்குள்.

உள்ளே கட்டிலில் என் கணவர் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். அதன் முள் சிவப்புப் பகுதிக்குள் போயிருந்தது. சின்னவள் பூரணி தரையில் அமர்ந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய ஆக்சிஜன் மிஷினின் பிளக்கை அதில் மாட்டினேன். பால்கனிக்கு ஓடி வந்து, “மாட்டியாச்சு!” என்று கத்தினேன். பதற்றத்தில் தமிழில் கத்தியிருக்கிறேன். தேபுவுக்குப் புரிந்தது. அவன் பின்பக்கம் திரும்பி, “ஹொயே கெச்சே!” என்று குரல் கொடுத்தான். அவனுக்குப் பின்னாலிருந்த வீட்டில் ஒரு பெண் குரல் அதையே சொன்னது. அதற்கு அப்பால் ஒரு கிழட்டுக் குரல். அப்புறம் இளவட்டங்கள். ஆயிற்று, ஆயிற்று, ஆயிற்று என்று அந்தச் சொல் சுவர்களைத் தாண்டித் தாண்டிப் போய் எனக்குக் கேட்காமல் போனது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெகு தூரத்தில், சந்தின் வாயிலில், ஒரு ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பும் சத்தம்.

எங்கள் மிஷின் ஒரு முறை ‘பீப்’ என்றது. உடம்பை உலுக்கிக்கொண்டது. அப்புறம் வழக்கமான தன் பெருமூச்சை விட ஆரம்பித்தது.

மிஷினும் நாங்களும்

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் கணவரைத் தெரியும். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் இசக்கிமுத்து. ஊர் திருநெல்வேலிப் பக்கம். ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை கிடைத்துக் கல்கத்தாவுக்கு வந்தவர், பெஹாலா பகுதியில் வீடு வாங்கி இங்கேயே தங்கிவிட்டார். நான் ஒரு வங்கியில் அதிகாரி. எங்கள் பெண்கள் இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். எங்களோடு தமிழில் பேசுவார்கள். தங்களுக்குள் சண்டை போடும்போது வங்காளியில்தான்.

இசக்கி என்ற பெயர் எங்கள் பாடாவில் யார் வாயிலும் நுழையவில்லை. பாடா என்றால் இங்கே அக்கம்பக்கம், தெரு, உறவு எல்லாம் சேர்ந்த ஒன்று. அவர்கள் அவரை ‘அஷோக் தா’ ஆக்கிவிட்டார்கள். என் பெயர் செண்பகம். அந்தப் பூவுக்கு வங்காளியில் சம்பா. அதனால் நான் ‘சம்பா பௌதி’. பௌதி என்றால் அண்ணி.

கல்யாணமான புதிதில் என் அம்மா எங்களைப் பார்க்க வந்திருந்தாள். வாசலில் யாரோ “தாதா இருக்காரா?” என்று கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. “மாப்ள ரயில்வேலதான வேல பாக்காரு?” என்று என் காதில் கேட்டாள். தாதா என்றால் இங்கே அண்ணன், சுருக்கினால் ‘தா’ என்று விளக்கிச் சொல்லியும் ஊருக்குத் திரும்பும் வரை அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

நுரையீரலில் தழும்பு விழும் நோய் இவருக்கு வந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால். முதலில் மாடிப்படி ஏறும்போது நின்றார். பிறகு பேச்சின் நடுவில் நின்றார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் அந்த மிஷின் வீட்டுக்கு வந்தது. சின்ன ஃப்ரிட்ஜ் அளவு இருக்கும். ராத்திரியும் பகலும் மூச்சு விடும். ஒரு நீளமான டியூப் அதிலிருந்து அவர் மூக்குக்குப் போகும். பெண்கள் அந்த டியூபைத் தாண்டித் தாண்டி நடந்து பழகிவிட்டார்கள்.

அப்புறம் கொரோனா வந்தது.

அந்தக் கோடையில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ஒரு அறையில் தாமரைக்குக் கல்லூரி வகுப்பு. இன்னொன்றில் பூரணிக்குப் பள்ளி வகுப்பு. அவளுடைய பி.டி. டீச்சர் போனுக்குள்ளிருந்து குதி குதி என்பார். கீழ் வீட்டுக்காரர் விட்டத்தைத் தட்டுவார். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வங்கிக்குப் போக வேண்டும். வேலைக்கு வரும் பெண் வரவில்லை. குக்கர் விசில் அடிக்கும், மிஷின் பெருமூச்சு விடும், யாராவது யாரையாவது மெதுவாகப் பேசச் சொல்லிக் கத்துவார்கள்.

வங்கிக்குப் போய் வருபவள் என்பதால் பாடாவில் என்னைக் கண்டால் எல்லோரும் ஒதுங்கினார்கள். நான் சந்துக்குள் நுழைந்ததும் ஜன்னல்கள் சாத்தப்படும். ஹால்தார் பாபு என்ற ஓய்வுபெற்ற பெரியவர் ஒரு நாள் மாடியிலிருந்தே, “பௌதி, ஓரமாப் போங்க, ஓரமா!” என்று கையாட்டினார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நானே காய்கறிக்காரரைத் தூரத்தில் நிறுத்தி, உருளைக்கிழங்கை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த காலம் அது.

புயல்

புயல் வரப்போவதை எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் தயாராகத்தான் இருந்தோம். இன்வெர்ட்டரில் சார்ஜ் முழுசாக இருந்தது. அவசரத்துக்கு என்று சின்ன சிலிண்டர் ஒன்று கட்டிலடியில் எப்போதும் இருக்கும். மெழுகுவர்த்தி, பிஸ்கட், குடங்களில் தண்ணீர்.

ஆனால் அப்படி ஒரு காற்றை நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. சாயங்காலத்திலிருந்து அது ஒரே சுருதியில் ஊளையிட்டது. ஜன்னல் சட்டங்கள் மூச்சு விடுவது போல உப்பி அடங்கின. எங்கள் சந்தின் முனையில் நின்ற பெரிய கிருஷ்ணசூடா மரம், ஒவ்வொரு கோடையிலும் சிவப்பாகப் பூத்துத் தெருவையே நிறைக்கும் மரம், வேரோடு சாய்ந்தபோது கட்டடம் அதிர்ந்தது. கரண்ட் அதற்கு முன்பே போயிருந்தது.

விடிந்தபோது மழை நின்றிருந்தது. இன்வெர்ட்டர் செத்திருந்தது. சிலிண்டரைத் திறந்து அளவைக் குறைத்து வைத்தோம்.

போனில் சிக்னல் இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லை. கூப்பிட்டாலும் மரத்தைத் தாண்டி வர வழியில்லை. வந்தாலும், அந்த நாட்களில் இவருடைய நுரையீரலை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது? மற்றவர்களுக்குக் காய்ச்சலாக வந்து போவது இவருக்கு அப்படிப் போகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

“எவ்வளவு நேரம் வரும் இது?” என்று கேட்டார் சிலிண்டரைக் காட்டி.

“மத்தியானம் வரைக்கும் வரும்,” என்றேன். வராது என்று எனக்குத் தெரியும். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவருக்கும் தெரியும்.

“ஏ பூரணி, அந்த முள்ளப் பாத்துக்கிட்டே இருக்காத. போய் ஏதாவது சாப்பிடு,” என்றார். அவள் நகரவில்லை.

தாமரைதான் பால்கனிக்குப் போனாள். ஒரு நிமிடம் சந்தைப் பார்த்து நின்றாள். பிறகு, எந்த மீட்டிங்கிலும் மைக்கைத் திறந்து பேசத் தயங்கும் என் பெண், தொண்டை கிழிய வங்காளியில் கத்தினாள். “அப்பாவோட மிஷின் நின்னுபோச்சு! யார் வீட்டுலயாவது கரண்ட் இருக்கா? அப்பாவுக்கு மூச்சு வேணும்!”

சாத்தியிருந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பப்பன் தா

யார் வீட்டிலும் கரண்ட் இல்லை. ஒரே ஒரு ஆளிடம் ஜெனரேட்டர் இருந்தது. அவர் பப்பன் தா.

பப்பன் தா கல்யாணப் பந்தல் போடுபவர். சந்தின் வாயிலில் அவருடைய கிடங்கு. ஊரடங்கில் கல்யாணம் எல்லாம் நின்றுபோய், மூங்கிலும் நாற்காலியும் விளக்கு வயரும் உள்ளே குவிந்து கிடந்தன. எங்களுக்கும் அவருக்கும் சில வருடங்களாகப் பேச்சே கிடையாது. ஒரு காளி பூஜையில் அவர் வைத்த ஒலிபெருக்கி எங்கள் ஜன்னலைப் பார்த்து அலறியது. பூரணிக்குப் பரீட்சை. இவர் இறங்கிப் போய்ச் சொல்ல, அவர் முடியாது என்று சொல்ல, கடைசியில் இருவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். இவருக்கு அப்போது நல்ல மூச்சு இருந்தது.

தாமரையின் சத்தம் அவர் வரைக்கும் கேட்டிருக்க முடியாது. நடுவிலிருந்த வீடுகள் கேட்டு, அடுத்த வீட்டுக்குச் சொல்லி, அப்படிப் போய்ச் சேர்ந்தது. பதிலும் அப்படியே வந்தது. எங்களிடம் வந்து சேர்ந்தபோது அது தேபுவின் குரலில் இருந்தது.

“பௌதி! ஜெனரேட்டர் கனம். மரத்தையும் தண்ணியையும் தாண்டித் தூக்கிட்டு வர முடியாதாம். வயர் குடுக்கறாராம். தெருவுல போட முடியாது, தண்ணி. வீடு வீடா உள்ளாறக் கொண்டு வரணும். அவர் ஒண்ணே ஒண்ணு சொல்றார். வயர் மெலிசு. உங்க மிஷினைத் தவிர வேற யாரும் எதையும் மாட்டக் கூடாது. ஒரு பல்புகூட!”

அதன் பிறகு நடந்தது எங்களுக்கு வெறும் சத்தமாகத்தான் காதில் விழுந்தது. எங்கள் ஜன்னலிலிருந்து ஒன்றும் தெரியாது. கட்டில் இழுக்கும் சத்தம், மொட்டை மாடியில் யாரோ ஓடும் சத்தம், “பிடி, பிடி”, “விடு, விடு”, ஒரு கண்ணாடி உடையும் சத்தம், திட்டு, சிரிப்பு. பந்தல் வயர் போதாமல் போன இடத்தில் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களைச் சேர்த்திருக்கிறார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் மூச்சு படக்கூடாது என்று வாரக்கணக்கில் கதவைச் சாத்தி வைத்திருந்தவர்கள், தங்கள் படுக்கையறை வழியாக, சமையலறை வழியாக, பூஜை அலமாரிக்கு முன்னால், அந்த வயருக்கு வழி விட்டார்கள்.

இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“பக்கத்துல வந்துட்டாங்க,” என்றார்.

அப்போதுதான் தேபு பூரிக்கட்டையோடு பால்கனிக்கு வந்தான்.

வயரின் பாதையில்

மறுநாள் பிற்பகலில் மிஷின் நின்றது.

கரண்ட் வரும் அறிகுறியே இல்லை. வெயில் ஏறி, தேங்கிய தண்ணீரிலிருந்து ஆவி கிளம்பி, காற்றே இல்லாத ஒரு புழுக்கம். சிலிண்டரில் மிச்சம் இருந்தது ரொம்பக் கொஞ்சம். தாமரை அதைத் திறந்தாள். நான் பால்கனியிலிருந்து கத்தினேன். தேபுவின் குரல் பின்னால் போனது. பதில் வரவில்லை. எங்கேயாவது ஒரு இணைப்பு கழன்றிருக்கலாம் என்று தோன்றியது.

தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வடிந்திருந்தது. அறுந்த கம்பியில் கரண்ட் இல்லை என்று பையன்கள் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

இந்தத் தெருவில் இத்தனை வருடம் இருந்தும் துர்கா பூஜைக்கு வாசல் வரை போய் இனிப்பு வாங்கியதைத் தவிர, அந்த வீடுகளில் பாதிக்கு மேல் நான் உள்ளே போனதில்லை. அன்று ஒவ்வொரு வீட்டிலும் நேராகப் படுக்கையறைக்குள் போனேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வயர் போகும் வழியில் நானும் போனேன்.

முதலில் தேபுவின் வீடு. அவன் மனைவி ஜும்பா தரையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை, வெறும் உடம்போடு. முதுகு பூராவும் வேர்க்குரு சிவந்து கிடந்தது. அழுது அழுது தொண்டை கம்மியிருந்தது. அவள் பனை விசிறியால் வீசிக்கொண்டே இருந்தாள். விசிறி பிடித்த கை நிற்கவில்லை, ஆனால் தோள் நடுங்கியது. அவள் காலுக்குப் பக்கத்திலேயே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தது. எங்கள் வயர் ஒரு துளையில். மீதித் துளைகள் காலி. சுவரோரத்தில் டேபிள் ஃபேன் ஒன்று, அதன் பிளக் சுருட்டி மேலே வைத்தபடி.

“ஜும்பா, குழந்தைக்காவது கொஞ்ச நேரம் ஃபேன் போட்டிருக்கக் கூடாதா? சின்ன ஃபேன்தானே?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏதோ புரியாமல் பேசுகிறேன் என்பது போல.

“இவனுக்கு நான் வீசிக்கலாம் பௌதி. அஷோக் தாவுக்கு யார் வீச முடியும்?”

இணைப்பைத் தொட்டுப் பார்த்தேன். கழலவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனேன்.

ஹால்தார் பாபுவின் வீடு. என்னை ஓரமாகப் போகச் சொன்ன அதே பெரியவர், நாற்காலியைப் போட்டு வயருக்குப் பக்கத்தில் ஒரு கம்போடு உட்கார்ந்திருந்தார். பூனை வயரைக் கடிக்கிறதாம். “இங்க ஒண்ணும் ஆகலை, நான் எழுந்திரிக்கவே இல்லை,” என்றார் முறைப்பாக. அறையின் மூலையில் ஒரு மண்பானை, ஈரத்துணி சுற்றி. அவர் மனைவி அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“என்ன அது?” என்றேன்.

“என் இன்சுலின்,” என்றார் அந்த அம்மாள். “ஃப்ரிட்ஜ் இல்லையே. பானைக்குள்ள குளிர்ச்சியா இருக்கும்.” ஃப்ரிட்ஜ், வயரிலிருந்து கை எட்டும் தூரத்தில் கதவு திறந்தபடி காலியாக நின்றது.

அதற்கடுத்து ஒரு மொட்டை மாடி. ஈரத்தில் படாமல் நாற்காலிகளை வரிசையாகக் கவிழ்த்து அவற்றின் கால்களில் வயரைக் கட்டியிருந்தார்கள். பிறகு ஒரு வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் துளைகள்மேல் பிளாஸ்திரி ஒட்டி, ஒரு குழந்தையின் கையெழுத்தில் வங்காளியில் எழுதியிருந்தது: தொடாதே, ஜேட்டு மூச்சு விடுகிறார். ஜேட்டு என்றால் பெரியப்பா. அந்தக் குழந்தை யாரென்றுகூட எனக்குத் தெரியாது.

வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் சேர்ந்து தங்கியிருக்கும் ஒரு அறை. ஒருவன் மட்டும் ஜன்னலோரம் செத்துப்போன போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுந்தரவனப் பக்கத்து ஊர்க்காரன். புயல் கரையேறிய பக்கம். அப்பா அம்மாவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

“சார்ஜ் போட்டுப் பார்த்திருக்கலாமே, தம்பி?”

“எதையும் மாட்டக் கூடாதுன்னு சொன்னாங்களே,” என்றான். “டவர் வந்தாத்தானே பேச முடியும், காக்கிமா. வரட்டும்.” காக்கிமா என்றால் சித்தி.

போன் சார்ஜருக்கு அந்த வயரில் என்ன ஆகிவிடப்போகிறது? ஒன்றும் ஆகாது. இப்போது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் ஒரு வீட்டிலாவது, ஒரு துளையிலாவது, எதையும் மாட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. அத்தனை வெக்கையில், இருட்டில், தாகத்தில், ஒரு நாள் முழுக்க எல்லோருடைய கால்மாட்டிலும் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள், என் பெண்கள் அந்த டியூபைத் தாண்டுவது போல.

வயரை மிதிக்காமல் ஒதுங்கி நின்று அதைப் பார்த்தேன். பெரிய கோவில்களில், கர்ப்பகிருகத்துக்கு முன்னால் திரை விலகும்போது நான் அப்படி ஒதுங்கி நின்றதுண்டு.

டீசல்

வயர் பப்பன் தாவின் கிடங்கில் முடிந்தது. ஜெனரேட்டர் நின்றிருந்தது. அவர் தன்னுடைய சின்ன லாரியின் டேங்கில் ஒரு ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டீசலைத் துப்பிவிட்டு, குழாயை ஒரு கேனுக்குள் சொருகினார்.

“டீசல் தீர்ந்திருச்சு. பங்க்ல இல்ல. பையன் சைக்கிள்ல டாலிகஞ்ச் வரைக்கும் போயிருக்கான். அது வரைக்கும் இது ஓடும்.” வாயைப் புறங்கையால் துடைத்தார். “அவருக்கு எப்படி இருக்கு?”

“சிலிண்டர்ல இருக்கார்.”

அவர் கேனைத் தூக்கி ஊற்றினார். கயிற்றை இழுத்தார். மறுபடி இழுத்தார். ஜெனரேட்டர் இருமியது, புகையைக் கக்கியது, ஓட ஆரம்பித்தது.

நான் ஏதாவது சொல்ல வேண்டும். “பப்பன் தா, அன்னிக்குக் காளி பூஜையில…” என்று ஆரம்பித்தேன்.

“அது வேற, இது வேற,” என்றார் ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலாக. “இந்த வருஷமும் பூஜை வந்தா பாட்டுப் போடுவேன். சத்தமாத்தான் போடுவேன். அவரை வந்து சண்டை போடச் சொல்லுங்க. அதுக்கு மூச்சு வேணாமா? போங்க பௌதி, போய்ப் பாருங்க!”

நான் ஓடினேன். எனக்கு முன்னால் சேதி ஓடியது. ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும், “ஓடுது பௌதி, ஓடுது! மிஷின் ஓடுது!” என்றார்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே என் கணவர் மூச்சு விடுகிறார் என்று எனக்குத் தெருவே சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலம் நான் பார்த்ததையெல்லாம் இவரிடம் சொன்னேன். ஜும்பாவின் விசிறியை, பானையை, அந்தப் பையனின் போனை. கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, “நான் விடுத மூச்சு அம்புட்டுப் பேரு வீட்டு வழியாவா வருது?” என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கரண்ட் வந்தது

இன்னும் சில நாள் கழித்து, பகலில், கரண்ட் வந்தது. பாடா முழுவதும் ஒரே கூச்சல். கிரிக்கெட்டில் ஜெயித்தால்தான் அப்படிக் கத்துவார்கள். ஃபேன்கள் சுற்றின, மோட்டார்கள் உறுமின, எங்கோ ஒரு டிவி நடுவாக்கியத்தில் பேச ஆரம்பித்தது. ஜெனரேட்டரை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. எங்கள் மிஷினைச் சுவர் பிளக்கில் மாட்டி, நன்றாக ஓடுகிறது என்று நாங்கள் சொல்லியனுப்பும் வரை பப்பன் தா காத்திருந்தார்.

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்கு வந்தார். “தன்யவாத், தேபு,” என்றார்.

தேபுவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “என்ன அஷோக் தா, கடைக்காரங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்றீங்க!”

நம் வீடுகளிலும் அப்படித்தானே. தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கும் மகளிடம் யார் நன்றி சொல்கிறோம்? சொன்னால் அவள் கோபமா என்று கேட்பாள். இவர் தலையாட்டினார். வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

வயரை அந்தப் பக்கத்திலிருந்து சுருட்டத் தொடங்கினார்கள். எங்கள் பால்கனிக் கம்பியில் அது வழுக்கிக்கொண்டு போனது. இவர் அதைக் கையால் தாங்கித் தாங்கி விட்டுக்கொண்டிருந்தார்.

மருமகன்

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஒரு நாள் ஜும்பா பால்கனியில் வந்து நின்றாள். குழந்தை இடுப்பில்.

“அஷோக் தா, உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. இவனுக்குச் சோறு ஊட்டணும்.”

வங்காளிகள் வீட்டில் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுவது பெரிய சடங்கு. தாய்மாமன்தான் ஊட்ட வேண்டும். ஜும்பாவின் அண்ணன் சிலிகுரியில். ரயில் ஓடவில்லை.

“நானா?” என்றார் இவர். “நான் எப்படிம்மா இறங்கி வர?”

“அது உங்க பாடு. மாமா வராம என் பிள்ளை சாப்பிட மாட்டான்.”

பல மாதமாக இவர் மாடிப்படி இறங்கியதில்லை. சின்ன சிலிண்டரை நிரப்பி வாங்கி வைத்திருந்தோம். அன்று காலையில் சீக்கிரமே எழுந்து, தானே சவரம் செய்துகொண்டு, பட்டுக்கரை வேட்டி எங்கே என்று என்னைப் பாடாய்ப் படுத்தினார். “நம்ம ஊர்லயும் தாய்மாமந்தான எல்லாம்? மொட்டைக்கும் காதுகுத்துக்கும் மாமன் மடியிலதான உக்கார வைப்பாங்க? கசங்குன வேட்டியில போகச் சொல்லுதியா?” ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று முறை நிறுத்தினார். முடித்தார்.

தேபு வந்து சிலிண்டரைத் தூக்கிக்கொண்டான். ஒரு பக்கம் தாமரை, ஒரு பக்கம் நான். பூரணி டியூப் சிக்காமல் பிடித்துக்கொண்டு பின்னால். நாலு படிக்கு ஒரு தடவை நின்று, திருப்பத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மறுபடி இறங்கினார். கீழே வந்து வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி, சந்தைப் பார்த்தார். எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. மாஸ்க் போட்ட முகங்கள். ஹால்தார் பாபு கையைத் தூக்கினார். இவர் சந்தைக் கடந்தார்.

குழந்தைக்குப் பட்டு வேட்டி கட்டி, தலையில் வெள்ளை நெட்டித் தக்கைக் கிரீடம் வைத்திருந்தார்கள். இவர் மடியில் உட்கார வைத்தார்கள். ஜும்பா வெள்ளிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தாள். அவர்கள் பாயேஷ் என்பது நம் பால் பாயசம்தான். புதுப்பால் வாசனையும் பச்சைக் கற்பூரமும் கலந்து வந்தது. ஒரு பெண் சங்கு ஊதினாள்.

இவர் ஒரு பருக்கையை விரலில் எடுத்தார். அதற்குள் குழந்தை கையை நீட்டி, இவர் மூக்கிலிருந்த டியூபைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பிடித்து இழுத்தான். டியூப் கழன்று வந்தது. தாமரை பாய்ந்தாள். ஜும்பா ‘ஐயோ’ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இருக்கட்டும்,” என்றார் இவர்.

சங்கு நின்றிருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் அந்த வீட்டுக் காற்றையே மூச்சாக இழுத்தார். முகம் சிவந்தது, கண்ணில் நீர் கட்டியது, சிரித்துக்கொண்டிருந்தார். டியூபைப் பிடித்த குட்டிக் கையை விலக்காமல், இன்னொரு கையால் பாயசப் பருக்கையை அவன் உதட்டுக்குக் கொண்டுபோனார்.

“ஏ மருமவனே,” என்றார், “வாயத் தொற.”

திறந்தான்.